ஏஜென்சி, படகு, உண்டியல்: நாடு கடந்த குற்றவலை வன்னிக் குடும்பத்தைத் தொடும் இடங்களும் அதை அறுக்கும் வழிகளும்

நாடு கடந்த குற்றக் கும்பல் என்றதும் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது கடலில் பிடிபடும் கேரளக் கஞ்சாப் பொதிதான். அது பொலிஸும் நேவியும் பார்க்க வேண்டிய வேலை, எங்களுக்கு என்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கும்பல்களுக்குப் பொதியைவிட அதிகமாகத் தேவைப்படுகிற சில விஷயங்கள் வன்னியில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடனில் நிற்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள், சும்மா கிடக்கிற வங்கிக் கணக்குகள் இருக்கின்றன, எது நடந்தாலும் பொலிஸ் நிலையப் படி ஏறப் பயப்படுகிற குடும்பங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தப் பயம்தான் அவர்களுடைய முதலீடு. காசைப் பறிகொடுத்தவன் வாய் திறக்க மாட்டான் என்று தெரிந்தே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் மல்லாவிக்கும் விசுவமடுவுக்கும் வருகிறார்.

ஆகவே இது கொள்கை பற்றிய கட்டுரை இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருக்கிற ஒரு குடும்பம், ஏஜென்சிக்காரர் முதல் தடவை வீட்டுக்கு வரும் நாளிலிருந்து பிள்ளை எங்கேயோ மாட்டிக்கொண்டு நடுச்சாமத்தில் அழைக்கிற நாள் வரை, எந்தெந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

படி 1: எது எந்தக் குற்றம் என்று பிரித்துப் பாருங்கள்

2000 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை நாடு கடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இத்தாலியின் பலேர்மோ நகரில் கையெழுத்துக்குத் திறந்ததால் பலேர்மோ சமவாயம் என்பார்கள். இலங்கையும் அதில் ஒரு தரப்பு. அதன் நெறிமுறைகளில் இரண்டு எங்களுக்கு நேரடியாக வேண்டியவை: ஒன்று ஆட்கடத்தல் பற்றியது, மற்றது எல்லை தாண்டி ஆட்களைக் களவாகக் கொண்டுபோவது பற்றியது.

களவாகக் கொண்டுபோவதில் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அவர் படகிலோ காட்டுப் பாதையிலோ எல்லை தாண்டி இறக்கிவிடுகிறார், கணக்கு அதோடு முடிகிறது. ஆட்கடத்தலில் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுபோய் அவருடைய உழைப்பையோ உடம்பையோ சுரண்டினால் அது ஆட்கடத்தல், அவர் முதலில் தானாகச் சம்மதித்தார் என்பது அங்கே எடுபடாது. இந்தக் கடைசி வரியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "நாங்கள்தானே விரும்பிப் போனோம், எந்த முகத்தோடு முறைப்பாடு கொடுப்பது?" என்று கேட்கிற குடும்பங்களுக்கு அதுதான் பதில். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆட்கடத்தலுக்கு 20 வருடம் வரை சிறை இருக்கிறது. குற்றவாளி ஏஜென்சிக்காரர்தான், உங்கள் மகன் இல்லை.

இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவும் செய்யும். பிரான்சுக்கு என்று காசு கட்டினவர் பாதி வழியில் ரஷ்யாவில் நிற்பார், அங்கே விளங்காத மொழியில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அடுத்த கிழமை அவர் உக்ரேன் போர்முனையில். தெற்கில் ஓய்வுபெற்ற இராணுவத்தினரைத்தான் முதலில் இப்படி ஏற்றினார்கள், 2024 இல் அது பெரிய செய்தியானது. அந்த வருடக் கடைசியில், ஐரோப்பாவுக்கு என்று வெளிக்கிட்ட வடக்குப் பெடியளின் குடும்பங்களும் இதே கதையைச் சொல்லத் தொடங்கின.

படி 2: வேலையை விசாரிக்க முதல் ஆளை விசாரியுங்கள்

வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மச்சானின் சிநேகிதன், கோயிலில் கண்ட அண்ணை, டுபாயில் இருக்கிற ஊர்ப் பெடியன். அவருக்கே முழுக்கதையும் தெரியாமல் இருக்கலாம், தலைக்கு இவ்வளவு என்று தரகுக்காசு வாங்குகிறார், அவ்வளவுதான். அதனால் நல்ல ஆளா கெட்ட ஆளா என்று ஆராய்வதில் பிரயோசனமில்லை. கடதாசியைக் கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்ப 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிம இலக்கத்தை வாங்கி 1989 என்ற பணியகத்தின் இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உரிமம் மட்டும் இருந்தால் போதாது. அந்த நாட்டுக்கு, அந்த நிறுவனத்துக்கு, இத்தனை பேரை எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் சவூதிக்கு ஓட்டுநர் அனுப்ப அனுமதி எடுத்த ஏஜென்சியின் பலகையைக் காட்டித் தாய்லாந்துக்குக் கணினி வேலை என்று ஆள் பிடிக்கலாம், பலகை உண்மையானது, வேலைதான் பொய்.

பிறகு அழைப்பைப் பாருங்கள். சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வரும். சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றித் தருகிறோம் என்பார்கள். நேர்முகம் வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ மட்டும் நடக்கும். டைப்பிங் வேகமும் கொஞ்ச ஆங்கிலமும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பட்டதாரிக்கே கொழும்பில் கிடைக்காத சம்பளம் சொல்வார்கள். ரிக்கெற்றைத் தாங்களே போடுவார்கள். வீட்டில் சொல்லாதே, மற்றவர்களும் கேட்டு வந்துவிடுவார்கள் என்பார்கள். இந்தக் கடைசியைக் கேட்டால் அங்கேயே எழும்பிவிடுங்கள், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும்.

படி 3: காசு கொடுக்கும் விதம்

கையில் காசாகக் கொடுக்காதீர்கள். வங்கி மூலம், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு, பற்றுச்சீட்டோடு. தனி ஆளின் கணக்குக்குப் போடச் சொன்னால் அதுவே ஒரு பதில்.

காணி விஷயத்தில் இன்னும் கவனம். வன்னியில் பலருடைய காணி உறுதிக்காணி இல்லை, அனுமதிப்பத்திரக் காணி, அதைப் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது. அது தெரிந்தும் அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வெற்றுக் கடதாசியில் கையெழுத்தும் எடுத்துக்கொண்டு காசு தருகிறவர்கள் இருக்கிறார்கள். உறுதிக்காணி என்றால் அற்றோணி, அதாவது உங்களுக்குப் பதிலாகக் காணியைக் கையாளும் அதிகாரம், எழுதி வாங்குவார்கள். பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டாலும் திரும்ப முடியாமல் கட்டிப்போடுவது இந்தக் கடன்தான், வீட்டை எழுதிக் கொடுத்துப் போனவனால் "வேண்டாம், நான் வாறன்" என்று சொல்ல முடிவதில்லை.

படி 4: படகு என்று சொன்னால்

இதில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2009 இல் ஓஷன் லேடியில் 76 பேர், 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேர் கனடாவில் இறங்கியதைத்தான் இன்றைக்கும் முகவர்கள் கதையாகச் சொல்கிறார்கள். 2022 நவம்பரில் 303 இலங்கையர்களோடு வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்த கப்பலைச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கத்தால் போன ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றி வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கியது, கனடா என்று காசு கட்டியவர்களில் கணிசமானவர்கள் பிறகு கட்டுநாயக்கவில்தான் வந்து இறங்கினார்கள். அவுஸ்திரேலியா 2013 செப்டெம்பரிலிருந்து படகுகளைத் திருப்புகிறது. பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போனவர்களில் பலரைப் பிரான்ஸ் விமானத்தில் ஏற்றித் திருப்பியனுப்பியது. அனுமதி பெற்ற துறைமுகம் அல்லாத இடத்தால் நாட்டை விட்டு வெளியேறுவது இங்கேயும் குற்றம், ஆக திரும்பி வந்தவருக்கு நீதிமன்றமும் காத்திருக்கும்.

படி 5: போகிறவரின் கோப்பு

உரிமம், ஒப்பந்தம் எல்லாம் சரியாக இருந்து போகிறார் என்றாலும் வீட்டில் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: பாஸ்போட்டின் பிரதி, விசா, ரிக்கெற், ஒப்பந்தம், ஏஜென்சிக்காரரின் படமும் தொலைபேசி இலக்கங்களும், அவர் அனுப்பிய குரல்பதிவுகள், காசு போட்ட சீட்டுகள். வட்ஸ்அப் உரையாடலை இன்னொரு கைத்தொலைபேசியிலும் சேமித்து வையுங்கள், ஆபத்து வந்த உடனே அந்தப் பக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

இரண்டு சங்கேத வசனம் பேசி வையுங்கள். "அம்மம்மாவின் முழங்கால் எப்படி?" என்று கேட்டால் நான் சுதந்திரமாகப் பேசவில்லை என்று அர்த்தம், இப்படி ஏதாவது, வீட்டுக்கு ஏற்ற மாதிரி. விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் பக்கத்தில் ஆள் நிற்க வைத்துத்தான் அங்கே வீட்டுக்கு அழைக்க விடுகிறார்கள். போகும் வழியில் ஒவ்வொரு விமான நிலையத்திலும் இடத்தை அனுப்பச் சொல்லுங்கள். பாங்கொக்கில் வேலை என்று போனவர் அங்கிருந்து காரில் மேற்கே மணித்தியாலக் கணக்கில் போய்க்கொண்டிருந்தால், மே சொட் என்ற ஊரின் பெயர் வரைபடத்தில் வந்தால், ஆற்றைக் கடக்க முதல் இறங்கச் சொல்லுங்கள். தாய்லாந்துப் பக்கம் நிற்கும்வரை ஓட இடம் இருக்கிறது, ஒரு பொலிஸ்காரரிடமாவது போகலாம். மொய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியன்மாரின் மியாவடி.

மியாவடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். கேகே பார்க், ஷ்வே கொக்கோ என்று அங்கே மதில் கட்டிய வளாகங்கள். உள்ளே கணினி வரிசைகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களோடு போலிப் பெயரில் காதல் பேசி, கிரிப்டோவில் காசு போட வைத்துப் பறிக்கும் வேலை. இலக்குக் காசு பிடிக்காவிட்டால் அடி, மின்சாரம் பாய்ச்சுதல், இன்னொரு வளாகத்துக்கு விற்றல். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இப்படி வேலை செய்ய வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் சொன்னது. அந்தப் பிரதேசத்தை வைத்திருப்பவை ஆயுதக் குழுக்கள், மியன்மார் அரசாங்கம் கையெழுத்துப் போட்டாலும் வாசல் திறக்காது, இலங்கையர்களை வெளியே எடுக்க மாதக்கணக்காவது அதனால்தான். 2025 பெப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் நிறுத்திய பிறகுதான் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே விடப்பட்டார்கள். இது தூர தேசத்து விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள், 2024 இல் இலங்கையிலேயே வீடுகளையும் ஹோட்டல்களையும் வாடகைக்கு எடுத்து இதே மோசடியை நடத்திய வெளிநாட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள்.

படி 6: உண்டியலும் உங்கள் வங்கிக் கணக்கும்

குற்றமும் பயங்கரவாதமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற இடம் காசுதான். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2001 செப்டெம்பர் 28 அன்று நிறைவேற்றிய 1373 ஆம் இலக்கத் தீர்மானத்திலேயே, போதைப்பொருள், பணச்சலவை, ஆயுதக் கடத்தல் எல்லாவற்றுக்கும் சர்வதேசப் பயங்கரவாதத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கொள்கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போலிப் பாஸ்போட் செய்பவரும், வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரரும், படகுக்காரரும் யாருக்கும் வேலை செய்வார்கள், ஒரே தண்ணீர்ப் பவுசர் எல்லா வீட்டு வாளியையும் நிரப்பிவிட்டுப் போவது போல.

உண்டியல் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ரொறன்ரோவில் உங்கள் அண்ணன் ஒருவரிடம் டொலரைக் கொடுக்கிறார். கிளிநொச்சியில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு ரூபாயைக் கொண்டுவந்து தருகிறார். டொலர் நாட்டுக்குள் வரவேயில்லை. அப்படியென்றால் அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? இங்கே ஐஸ் போதைப்பொருள் விற்றுச் சேர்ந்த ரூபாயை வெளிநாட்டில் டொலராக எடுக்க வேண்டிய ஒருவர் எங்கோ இருக்கிறார். அண்ணனின் டொலர் அவருக்குப் போகிறது, அவருடைய ரூபாய் உங்களுக்கு வருகிறது. எல்லா உண்டியல் காசும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் எது அப்படி என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கையில் தராமல் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கணக்குக்குப் போட்டால் இன்னும் சிக்கல், நாளைக்கு அவர் பிடிபட்டால் விசாரணை உங்கள் கணக்கு வரை வரும். 2006 ஆம் ஆண்டின் சட்டங்களின் கீழ் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குச் சந்தேகமான பரிமாற்றங்களை வங்கிகள் அறிவித்தே ஆக வேண்டும், கணக்கை நிறுத்தி வைக்கவும் அவர்களால் முடியும்.

அதைவிட மோசம் கணக்கை வாடகைக்குக் கொடுப்பது. "உன் பெயரில் கணக்குத் திறந்து ஏ.ரி.எம். கார்டையும் சிம்மையும் தா, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று பள்ளி முடித்த பெடியளிடம் கேட்கிறார்கள். யாரோ ஒரு ஓய்வூதியக்காரர் ஏமாந்த காசு அந்தக் கணக்கால்தான் போகும், பொலிஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்தி, எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

கடற்கரைக் கிராமங்களுக்கு ஒரு சொல். ஒரு இரவில் ஒரு பொதியைத் தூக்கி வந்தால் காசு என்பவர் அந்தப் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார். போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தின் பிறகு 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் சிறையோ வரலாம்.

படி 7: பயம் என்ற பூட்டு

இதைத் தாண்டாமல் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. வன்னியில் பொலிஸுக்குப் போகப் பயப்படுகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் "தற்காலிக ஏற்பாடு" என்ற பெயரோடு வந்து எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பயங்கரவாதத்தை எதிர்க்கிறோம் என்று சொல்லி ஒரு சமூகத்தையே சந்தேகப்பட்டால் அந்தச் சமூகம் வாயை மூடிக்கொள்ளும், அந்த மௌனத்தில் உண்மையான குற்றக் கும்பல் நன்றாக வளரும். வெளிநாட்டில் உறவு இருப்பதும் அவர்கள் காசு அனுப்புவதும் குற்றமில்லை. முன்னாள் போராளி என்பதற்காக ஒருவர் ஏஜென்சிக்காரர் மீது முறைப்பாடு கொடுக்க முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர்கள்தான் அப்படிச் சொல்லி மிரட்டுகிறார்கள்.

அதனால் தனியே போகாதீர்கள். ஒரு சட்டத்தரணியோடு, இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு மூலம், அதுவும் இல்லையென்றால் விதானையாரோ பாதிரியாரோ மாதர் சங்கத் தலைவியோ கூட வர, பகலில் போங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டு வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் பதிய மறுத்தால், அல்லது முறைப்பாட்டாளரையே விரட்டினால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் இருக்கிறது, வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. யாரையாவது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்தார்களா என்று நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

நன்கொடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். 1373 தீர்மானத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆட்கள், அமைப்புகளின் பட்டியலை அரசாங்கம் வர்த்தமானியில் போடுகிறது, அவ்வப்போது பெயர்கள் சேரும், நீங்கும். ஊர்ச் சங்கத்துக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று பெரிய காசு தருகிறது என்றால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, வங்கி மூலம் வாங்கி, எதற்குச் செலவானது என்று கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். கணக்குச் சரியாக இருக்கிற சங்கத்தை மிரட்டுவது கஷ்டம்.

படி 8: பிள்ளை மாட்டிக்கொண்டால்

முதலில் ஏஜென்சிக்காரரிடம் ஓடாதீர்கள். அவர் "இரண்டு கிழமை பொறுங்கள், பொலிஸுக்குப் போனால் அங்கே பிள்ளையை அடிப்பார்கள்" என்றுதான் சொல்வார், அந்த இரண்டு கிழமையில் ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். படி 5 இல் சொன்ன கோப்பை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல கதவுகளைத் தட்டுங்கள்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு (யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது), குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஆட்கடத்தல் விசாரணைப் பிரிவு, அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில், ஒரே விபரத்தோடு, பிரதி வைத்துக்கொண்டு. பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஆட்கடத்தலுக்கு எதிரான தேசிய செயலணியும் இருக்கிறது.

பிள்ளைக்கு அடிக்கடி அழைக்காதீர்கள், கைத்தொலைபேசியைச் சோதிப்பார்கள். அவரால் முடிந்தால் கட்டிடத்தின் படம், பக்கத்தில் தெரிகிற பலகை, வரைபடத்தில் இடம், இவற்றை அனுப்பிவிட்டு உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

விடுவிக்கக் காசு கேட்டால்? இது கஷ்டமான கேள்வி, வெளியில் நின்று "கொடுக்காதே" என்று சொல்வது லேசு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விடுவதற்குப் பதிலாக இன்னொரு வளாகத்துக்கு விற்ற கதைகள் நிறைய. அதிகாரிகளுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள், எந்தக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள் என்பதைக் கட்டாயம் அவர்களிடம் கொடுங்கள். அந்தக் கணக்கு இலக்கம்தான் கொழும்பிலோ டுபாயிலோ இருக்கிற அடுத்த ஆளைக் காட்டும்.

படி 9: திரும்பி வந்த பிறகு

வந்தவர் வெட்கத்தில் இருப்பார். அங்கே மற்றவர்களை ஏமாற்ற வைத்தார்கள் என்றால் குற்ற உணர்வும் சேரும். அவரை விசாரிக்கிற வேலையை ஊர் எடுக்க வேண்டாம். முதல் கிழமையிலேயே, ஞாபகம் மங்க முதல், திகதி, இடம், பெயர், அடித்தவர்கள், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் தன் கையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், வாக்குமூலத்துக்கு அது உதவும். பெண் என்றால் 1938 மகளிர் உதவி இலக்கமும் இருக்கிறது. மிரட்டல் வந்தால் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கலாம், அந்த வேண்டுகோளையும் எழுத்திலேயே கொடுங்கள்.

ஏஜென்சிக்காரர் இந்த நேரத்தில்தான் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வருவார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் பாதிக் காசு தருகிறேன் என்பார். காசைத் திருப்பித் தருவதென்றால் தரட்டும், வங்கி மூலம் வாங்கி, எதற்கான காசு என்று அவரையே எழுதிக் கையெழுத்துப் போட வையுங்கள். முறைப்பாடு அப்படியே இருக்க வேண்டும். ஆட்கடத்தல் இரண்டு தரப்பும் பேசி முடிக்கிற வழக்கு இல்லை, மத்தியஸ்த சபைக்கும் அதில் வேலை இல்லை.